காத்தமுத்துவுக்கு வேர் விட்டது

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கற்பூரம் ஏற்றி அடித்துச் சொல்லச் சொன்னாலும் தயார். கற்பூரத்தை மட்டும் நீங்கள் வாங்கி வர வேண்டும். ஓர் எழுத்து பொய்யாக இருந்தாலும், வாயில் மிச்சமிருக்கும் பற்கள் இந்தக் கதை முடிவதற்குள் உதிர்ந்து போகட்டும்.

பெரம்பலூருக்குக் கிழக்கே தொட்டிக்குளம் என்று ஓர் ஊர். அந்த ஊரில் குளத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் தண்ணீர் நிற்கும். கரிசல் மண். கோடையில் கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். மழைக்காலத்தில் குடித்த தண்ணீரைக் கக்காது. அந்த ஊரின் ஆகத் தாழ்ந்த மூலையில் அஞ்சலைக்கு ஒன்றரை ஏக்கர் காடு. அதை ஒட்டி ஓடைத்தெரு. அதில் அவள் வீடு.

மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீரெல்லாம் முன்பு அவள் காட்டைக் கடந்து ஓடையில் விழுந்து ஆற்றுக்குப் போய்விடும். இப்போது ஓடை இல்லை. அதாவது, இருக்கிறது. அதன்மேல் ஒன்றியக் கவுன்சிலர் பரமகுருவின் கல்யாண மண்டபம் உட்கார்ந்திருக்கிறது. பந்தி நடக்கிற கூடம் இருப்பது ஓடையின் நேர் வாயில். அங்கே சாம்பார் ஓடுகிற வேகத்தில் பாதி வேகம் தண்ணீருக்கு இருந்தால்கூட அஞ்சலையின் காடு பிழைத்திருக்கும்.

விதைப்பது மக்காச்சோளம். அதற்குத் தண்ணீர் வேண்டும்; நிற்கிற தண்ணீர் ஆகாது. வேர் மூழ்கினால் மூச்சுமுட்டி, மஞ்சளடித்து, சாய்ந்துவிடும். அஞ்சலை ஒவ்வொரு மழைக்காலமும் அது சாய்வதைப் பார்த்தாள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தாள். "ஓடைய தொறந்து உடுங்க" என்பதற்கு மேல் அவளுக்கு அரசாங்கத்திடம் கேட்க ஒன்றும் இல்லை.

ஓடை திறக்கவில்லை. அதற்குப் பதிலாக டாக்டர் இன்பசேகரன் ஜீப்பில் வந்து இறங்கினார். ஆராய்ச்சி நிலையத்துக்காரர். செடிகளுக்கு டாக்டர். கையில் நீல நிறத்தில் ஒரு பாட்டில்.

"இதுக்குப் பேரு ஜலவீரன்மா. வளர்ச்சி ஊக்கி."

"டானிக்குங்களா?"

"டானிக்னே வெச்சுக்குங்க. செடி தண்ணியில நின்னா பயந்துக்கும். பயத்துல மேல மேல வளந்து, இருக்கிற சத்தையெல்லாம் செலவு பண்ணிட்டு செத்துப்போவும். இத அடிச்சா, 'ஓடாத, நில்லு'ன்னு அது காதுல சொன்ன மாதிரி. உசரத்தக் கொறச்சுக்கும். தண்டுலயே புது வேர் விடும். உள்ளுக்குள்ள காத்துக்குழாய் வெச்சுக்கும். அப்புறம் எத்தன நாள் தண்ணி நின்னாலும் அதுக்குக் கவல கெடையாது."

"தண்ணிய நிக்காம பண்ண முடியாதா சார்? ஓடைய மட்டும் தொறந்து உட்டாப் போதும்."

டாக்டர் வானத்தைப் பார்த்தார். "அது வேற டிபார்ட்மெண்ட்மா. தண்ணிய மாத்த எனக்கு அதிகாரம் இல்ல. செடியத்தான் மாத்தலாம்."

வரப்பில் குந்தியிருந்த அஞ்சலையின் புருஷன் காத்தமுத்து பீடியை அணைத்தான். "மாத்துங்க சார். செடின்னா சொன்ன பேச்சு கேக்கும்."

டாக்டர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். "ஒரு டேங்குக்கு ஒரு மூடி. ஒரே மூடி."

தொட்டிக்குளத்தில் ஒரு மூடி என்றால் இரண்டு மூடி என்று அர்த்தம். மருந்துக் கம்பெனிக்காரன் எப்போதும் கஞ்சத்தனமாகத்தான் அளவு சொல்வான் என்பது அந்த ஊரின் அசையாத நம்பிக்கை. இன்னொரு வழக்கமும் உண்டு. டேங்க்கை முதுகில் ஏற்றுவதுதான் கஷ்டம். ஏற்றிய பிறகு இருப்பதையெல்லாம் ஒரே நடையில் அடித்துவிட வேண்டும். எனவே அஞ்சலை ஜலவீரன் இரண்டு மூடி ஊற்றினாள். படைப்புழு மருந்து ஊற்றினாள். கையளவு யூரியா போட்டாள். பானையில் மீந்திருந்த பஞ்சகவ்யத்தைக் கவிழ்த்தாள். இலையில் ஒட்ட வேண்டுமே என்று ஒரு பாக்கெட் ஷாம்புவைக் கிழித்துவிட்டு, வேப்பங்குச்சியால் கலக்கினாள்.

"மாமா, கலக்கிட்டேன். அடிச்சிட்டு வா."

டேங்க் மூடியின் வாஷர் போய், சைக்கிள் டியூப்பை வெட்டிக் கட்டியிருந்தார்கள். அது கட்டுக்கு அடங்குகிற டேங்க் இல்லை. செடிக்குப் போனது பாதி, காத்தமுத்துவின் முதுகில் இறங்கி டவுசரை நனைத்து, கெண்டைக்கால் வழியாகக் காட்டுக்குள் போனது பாதி. கீழே முழங்கால் தண்ணீர். காலில் செருப்பில்லை. நாள் முழுக்க அப்படியே நின்று அடித்துவிட்டு வந்தான்.

அந்த ஐப்பசி அடைமழையில் ஊர் மொத்தச் சோளமும் மஞ்சளாய்ச் சாய்ந்தது. அஞ்சலையின் காடு மட்டும் கரும்பச்சையாக நின்றது. கணுவுக்குக் கணு வெள்ளை வேர், விரல் தடிமனில். தவளை தாவி வந்தால் செடி சற்றே நகர்ந்து இடம் கொடுத்தது. தண்டுக்குள் காற்றுக்குழாய் எப்படி ஓடியது என்றால், ஒரு தண்டை ஒடித்து ஊதினால் எதிர்வீட்டு அடுப்பு எரிந்தது. ஓடைத்தெருப் பெண்கள் ஊதுகுழல் வாங்குவதையே விட்டுவிட்டார்கள்.

பரமகுரு வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பார்த்தார். அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பைக் கல்யாண மண்டபத் திறப்பு விழாவில்கூட யாரும் பார்த்ததில்லை.

"பாத்தியா அஞ்சல? தண்ணி நிக்கறதுல ஒரு தப்பும் இல்ல. நமக்குத்தான் அதுல நிக்கத் தெரியாம இருந்திருக்கு."

அடுத்த திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸிலும் அதையே சொன்னார்கள். பயிர் நன்றாக இருக்கிறது, பாதிப்பு இல்லை, பாதிப்பு இல்லாத இடத்துக்கு வடிகால் எதற்கு என்றார்கள். செழித்த சோளம் அஞ்சலையின் மனுவைத் தின்றுவிட்டது.

இதற்கிடையில் காத்தமுத்துவால் வீட்டில் உட்கார முடியாமல் போயிற்று. கட்டிலில் படுத்தால் கால் மட்டும் கீழே தொங்கி எதையோ தேடியது. அன்னக்கூடையில் தண்ணீர் பிடித்து அதில் காலை விட்ட பிறகுதான் சோறு இறங்கியது.

"யோவ், கால காட்டு." அஞ்சலை குனிந்து பார்த்தாள். கணுக்காலைச் சுற்றி வெள்ளை நூல் நூலாய் என்னவோ. "அரிக்குதா?"

"அரிக்கல. எறங்கணும் போல இருக்கு."

"எங்க?"

"காட்டுல."

மறுநாள் காலையில் ஆள் வீட்டில் இல்லை. தூக்குச்சட்டியில் கூழ் எடுத்துக்கொண்டு போனவள், அவனைச் சோள வரிசையில் கண்டாள். செடிக்குச் செடி விட வேண்டிய இடைவெளியில், வரிசை பிசகாமல் நின்றிருந்தான்.

"ஏறி வாய்யா. கூழ் ஆறுது."

"கால் வர மாட்டேங்குதுடி."

"இழு."

"நீயே இழுத்துப் பாரு."

இழுத்தாள். அவனோடு சேர்ந்து பக்கத்துச் செடிகளும் ஆடின. அவன் கத்திய கத்தலில் கொக்குகள் கிளம்பின. விட்டதும் அவன் முகம் தெளிந்துவிட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த முகத்தில் அவள் அப்படி ஒரு நிம்மதியைப் பார்த்ததில்லை.

"பசிக்கலியா?"

"வெயில் அடிச்சா நெறஞ்சிருது."

ரேஷன் கடையில் கைரேகை வைக்கக் குடும்பத் தலைவர் நேரில் வர வேண்டும் என்றார்கள். "அவரு வேர் உட்டிருக்காருங்க" என்றாள் அஞ்சலை. கடைக்காரர் கொஞ்சமும் அசரவில்லை. "அப்ப ஆதார்ல அட்ரஸ மாத்துங்க. காட்டு சர்வே நம்பர் தெரியுமில்ல?"

டாக்டர் இன்பசேகரன் தண்ணீரில் முட்டிபோட்டு, காத்தமுத்துவின் கெண்டைக்காலில் காது வைத்துக் கேட்டார். எழுந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. "காத்து ஓடுது! மனுசன் தண்டுல காத்து ஓடுதும்மா! என்ன கலந்தீங்க?"

அஞ்சலை சொன்னாள். ஷாம்பு எந்தக் கம்பெனி என்பது வரை அவர் கேட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும் சார். இவர எனக்கு எடுத்துக் குடுங்க."

"அது ஒண்ணும் பெரிய காரியம் இல்ல. தண்ணி வடிஞ்சு மண்ணு காஞ்சா வேர் தானா உதிர்ந்துரும். ஆனா..." டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "பூ எடுக்கிறதுக்குள்ள வடியணும். பூத்துட்டா, செடி ஒரு முடிவுக்கு வந்திருச்சுன்னு அர்த்தம். அப்புறம் மனுசனாத் திரும்பி வர்றது செரமம்."

"பூக்குறது எப்பிடித் தெரியும்?"

"சோளத்துல கதிருக்கு நூல் வருமில்ல? இவருக்குக் காதுல வரும்னு நெனைக்கிறேன். பாத்துக்கிட்டே இருங்க."

அங்கேதான் சிக்கல். காத்தமுத்துவுக்குப் பிறவியிலேயே காதில் முடி. எது முடி, எது நூல் என்று தெரியாமல் அஞ்சலை தினமும் அவன் காதைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பார்த்தவர்கள், அவள் அவனைக் கண்டிப்பதாக நினைத்துக்கொண்டு ஒதுங்கிப் போனார்கள்.

சென்னையிலிருந்து ஓர் உயர் அதிகாரி வந்தார். மண்டபத்துப் பந்திக் கூடத்தில்தான் கூட்டம். அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"வருஷா வருஷம் ஜனங்க தண்ணியில நிக்கறாங்க. நாமளும் வருஷா வருஷம் தண்ணியத் திருத்தப் பாத்தோம். கால்வாய் வெட்டினோம், பம்பு வெச்சோம். தண்ணி திருந்தல. திருத்த வேண்டியது ஜனங்களைத்தான்னு இந்த ஊர் நமக்குக் காட்டிக் குடுத்திருக்கு. ஆளுக்கு ஒரு மூடி. மொதல்ல ஓடைத்தெரு, அப்புறம் தலைநகரம்."

கைதட்டல் ஓய்ந்ததும் அஞ்சலை எழுந்தாள். "ஐயா, ஓடைய மட்டும் தொறந்து உட்டீங்கன்னா எம்புருசன் வெளிய வந்துருவாரு."

"வெளிய வந்துட்டா அப்புறம் திட்டம் என்னம்மா ஆவுறது? மந்திரி வந்து பாக்கற வரைக்கும் தண்ணி நிக்கணும்."

மழை விட்டு வெயில் அடித்தது. தண்ணீர் விரற்கடை விரற்கடையாக இறங்குவதைப் பார்த்து அஞ்சலை மாரியாத்தாளுக்குக் கூழ் நேர்ந்துகொண்டாள். மறுநாள் டேங்கர் லாரிகள் வரிசையாக வந்து காட்டையும் தெருவையும் மறுபடி நிரப்பிவிட்டுப் போயின. அவற்றைத் தொடர்ந்து டிவிக்காரர்கள் வந்து, "இப்ப எப்படி உணர்றீங்க?" என்று காத்தமுத்துவிடம் கேட்டார்கள்.

"ஈரமா" என்றான்.

அடுத்த நாள் காலையில் அஞ்சலை அவன் காதைத் திருப்பினாள். பழைய கறுத்த முடிகளுக்கு நடுவே பொன்னிறத்தில் ஒன்று எட்டிப் பார்த்தது. தொட்டாள். பிசுபிசுத்தது. பட்டுப்போல வழுவழுப்பு.

"மாமா" என்றாள். "எம்பேர சொல்லு."

அவன் அவளைப் பார்த்தான். காற்று அடித்த பக்கம் மெதுவாகச் சாய்ந்து, நிமிர்ந்தான். சோளத்தட்டைகள் எல்லாம் ஒருமுறை சலசலத்து அடங்கின. அதற்கப்புறம்தான் சொன்னான்: "அஞ்சல."

அவள் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நேரே, அன்றைக்கு ஓடைத்தெருவில் தொடங்கவிருந்த மருந்து முகாமுக்குப் போனாள்.

தெருவே முழங்கால் தண்ணீர். நடுவில் மேடை, மைக், பந்தல். ஜனங்களுக்கு அடிப்பதற்குக் கலக்கும் பொறுப்பை டாக்டர் அஞ்சலையிடம்தான் கொடுத்திருந்தார். அவள் கை கலந்தால்தான் பிடிக்கிறது என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு. டிரம்முக்குப் பின்னால் நின்றுகொண்டு அவள் பக்கத்து வீட்டுப் பொற்கொடியிடம், மேடைக்குக் கேட்கிற மாதிரி ரகசியம் பேசினாள்.

"ஏன்டி பொற்கொடி, இந்த வீரன் மருந்த மொதல்ல யாருக்கு அடிக்கிறது? நம்ம தெருவுக்கா?"

"நமக்குத்தான்னு சொன்னாங்க அக்கா."

"அதெப்பிடி? கவுன்சிலர் ஐயா நிக்கையில ஓடைத்தெருக்காரங்களுக்கு மொதல்லயா? ஊருல அவருக்கு மரியாதையே போச்சா?"

பரமகுருவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் எதிலும் முதல் ஆள் அவர்தான். அம்மன் திருவிழாவில் பரிவட்டம் முதலில் அவர் தலைக்கு. கிடா விருந்தில் முதல் இலை அவருக்கு. போலியோ சொட்டு மருந்து முகாமைத் தொடங்கிவைக்க வந்தவர், முதல் சொட்டு ஒரு கைக்குழந்தைக்குப் போவதைச் சகிக்காமல் தானே வாயைத் திறந்தவர்.

மேடையிலிருந்து அவர் தண்ணீருக்குள் இறங்கினார். வேட்டியை மடித்தார். "எனக்கு அடிச்சு ஆரம்பிச்சு வெச்சுட்டுத்தான் மத்தவங்களுக்கு."

டாக்டர் பதறினார். "சார், நீங்க மேட்டுல குடியிருக்கிறவரு. உங்களுக்கு எதுக்கு..."

"யோவ் டாக்டர், மரியாதைக்கு மேடு பள்ளம் உண்டா?"

"ஒரு மூடி போடவாங்க ஐயா?" என்று கேட்டாள் அஞ்சலை.

"எல்லாருக்கும் ஒரு மூடி. எனக்கும் ஒரு மூடியா?"

"உங்களுக்கு மூடிக்கணக்கு பாக்க முடியுமாங்க?" என்று அவள் பாட்டிலையே கவிழ்த்தாள். யூரியா இரண்டு கை. ஷாம்பு ஒரு சரம்.

மருந்து அடித்து முடித்ததும், நனைந்த வேட்டியோடு அவர் மைக்கை வாங்கினார். பரமகுரு பேச ஆரம்பித்தால் எருமை கன்று போட்டு, கன்று மேய்ந்து, எருமையாகித் திரும்பி வரும் என்பார்கள். தொகுதியின் தாகம் தொடங்கி, தான் பட்ட துன்பம் வரை பேசினார். தண்ணீரில் நின்றபடியே பேசினார். பேச்சு முடிந்து மேடைக்குத் திரும்பக் காலைத் தூக்கினார்.

"கால் வரல" என்றார் மைக்கில்.

ஜனங்கள் கைதட்டினார்கள்.

"யோவ், நெசமாவே வரல!"

மறுபடி கைதட்டினார்கள். டாக்டர் ஓடி வந்து குனிந்து பார்த்தார். முகம் வெளுத்தது. "சார், இவ்வளவு வேகத்த நான் எந்தப் பயிர்லயும் பாத்ததில்ல. நீங்க சாயங்காலமே பூத்துருவீங்க போல."

"என்னது பூக்கிறதா! எடுங்கய்யா என்ன!"

"தண்ணி வடியணும் சார்."

"வடிய உடுங்க!"

"அது வேற டிபார்ட்மெண்ட் சார்."

பரமகுரு அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி கண்ணாடியைத் துடைத்தார். ஓடைத்தெருவைப் பார்த்தார். தெரு அவரைப் பார்த்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றது.

"தண்ணி போற வழி எனக்குத் தெரியுங்க ஐயா" என்றாள் அஞ்சலை. "உங்க பந்திக்குக் கீழ இருக்கு."

ஜேசிபி வந்தது. கூப்பிட்டவர் பரமகுரு, அதுவும் தன் சொந்த போனில், தன் சொந்த மச்சினனை. அன்றைக்கு மண்டபத்தில் ஒரு கல்யாணம். இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. ரசம் வருவதற்கு முன்னால் சுவர் போயிற்று. மோர் வரும்போது கூடத்தின் நடுவில் ஓடை ஓடிக்கொண்டிருந்தது. சாப்பிட்டவர்கள் இலையைக் கையில் தூக்கிக்கொண்டு இரண்டு கரையிலும் நின்று, பாயசத்தை அக்கரைக்கு எறிந்து வாங்கிக்கொண்டார்கள்.

பரமகுருவின் வேர் இளவேர். வெயிலுக்கு அன்றைக்கே உதிர்ந்தது. ஒரு காதில் லேசாகப் பொன் நூல் தெரிந்ததைச் சவரக்கத்தியால் எடுத்துவிட்டதாகப் பேச்சு. காத்தமுத்துவின் வேர் முற்றல். தண்ணீர் போன காட்டில் அவன் அப்படியே நின்றான். அஞ்சலை வரப்பில் உட்கார்ந்திருந்தாள். சேறு இறுகியது, இறுகிய கரிசல் வரிவரியாகப் பிளந்தது. அவன் காதுகளிலிருந்து நூல் கொத்தாகத் தொங்கியது. பேர் கேட்டாள். திட்டிப் பார்த்தாள், அவன் அம்மாவையும் சேர்த்துத் திட்டிப் பார்த்தாள். இலை ஆடுகிற மாதிரி விரல்கள் ஆடின, அவ்வளவுதான். பிறகு அவன் பக்கத்திலேயே, வெடித்த மண்ணில், வரிசையில் அடுத்த செடியாகப் போய் நின்றுகொண்டாள்.

வெயில் ஏறியது. மண்ணுக்குள் என்னவோ 'படக்'கென்றது. காத்தமுத்து தன் இடது காலைப் பிடுங்கி எடுத்து, அதை ஏதோ அடுத்த வீட்டுக்காரன் கால் மாதிரி பார்த்தான்.

"பசிக்குதுடி" என்றான்.

"வந்து தின்னுய்யா" என்றாள். அவன் காதிலிருந்த நூலைப் பிடித்து ஒரே இழுப்பில் பிடுங்கினாள். அவன் போட்ட கத்தல் மனுசக் கத்தல்தான்.

தண்ணீருக்குப் பழகிவிட்ட சோளம் மட்டும் காய்ந்த மண்ணைத் தாங்காமல் அந்த வாரமே மொத்தமாகச் சாய்ந்தது. அஞ்சலை நிவாரணம் கேட்டுப் போனாள். வெள்ளத்தில் போனதா, வறட்சியில் போனதா என்று கேட்டார்கள்.

"தண்ணி வந்து கெடலீங்க. தண்ணி போயிக் கெட்டுது."

அப்படி ஒரு வகை அவர்களிடம் இல்லை. வாசலில் டாக்டர் இன்பசேகரன் நின்றிருந்தார், கையில் சிவப்பு பாட்டிலோடு. இது வறட்சி தாங்கும் மருந்து, அடித்தால் செடி மண்ணில்லாமலே நிற்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். காத்தமுத்து அதற்குள் பஸ்ஸில் ஏறி, இரண்டு காலையும் சீட்டின்மேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

அதற்கடுத்த வருஷம் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் தொட்டிக்குளத்தில் ஒரு பொட்டு மழை விழவில்லை.